கம்பி அங்கேயேதான் இருக்கு



ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியல. சம்பா நடவு முடிஞ்ச கையோட மெட்ராஸ் கிளம்பிட்டேன். தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. தாய்மாமன் போகாம எப்படி? வயலை வீட்டம்மா பொறுப்புல விட்டுட்டு, ரெண்டு சாக்குல தேங்காயும் உளுந்தும் கட்டிக்கிட்டு, மன்னார்குடியில ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

வளைகாப்பு நல்லபடியா முடிஞ்சது. அதைப் பத்தி எழுத வரல. போன இடத்துல ஒரு கம்பியால நடந்த கதையைச் சொல்லணும். படிச்சிட்டு இன்னிக்கே உங்க வீட்டு மாடிக்கு ஒரு தடவை ஏறிப் பாத்துட்டு வந்தீங்கன்னா எழுதினதுக்குப் பலன்.

போன அன்னிக்கே மாப்ளையோட தி.நகர் போயி பாண்டி பஜார்ல வளையல், ரங்கநாதன் தெருவுல புடவை எல்லாம் வாங்கினோம். சாயங்காலம் மயிலாப்பூர். கபாலீஸ்வரர சேவிச்சிட்டு மாட வீதியில நடந்து வரும்போது நான் வழக்கம்போல அண்ணாந்து பாத்துக்கிட்டே வந்தேன். வைக்கோல் வண்டி ஓட்டுனவனுக்கு இந்தப் பழக்கம் சாகுற வரைக்கும் போகாது. போர் ஏத்தின வண்டியில உக்காந்தா ரோட்டைப் பாக்கறதை விட கம்பியைத்தான் அதிகம் பாப்போம்.

"என்ன மச்சான், கோபுரத்தைப் பாக்காம வானத்தைப் பாக்குறீங்க?"ன்னார் மாப்ள.

"கரண்டு கம்பியே காணோமே மாப்ள?"

"இங்கெல்லாம் தரைக்கு அடியில கேபிள்"னு சொல்லி, நடைபாதை ஓரமா நின்ன இரும்புப் பெட்டியைக் காட்டினார். பில்லர் பாக்ஸ்னு பேரு. மெட்ராஸோட பழைய பகுதிகள்ல பெரும்பாலும் இப்படித்தானாம். டிரான்ஸ்பார்மர்ல இருந்து கேபிள் பூமிக்கடியில இந்தப் பெட்டிக்கு வருது, பெட்டியில இருந்து வீட்டுக்கு வீடு பிரியுது. தலைக்கு மேல தொங்குறதெல்லாம் டிவி கேபிளும் இன்டர்நெட் கேபிளும். பாக்க பயமா இருக்கு, ஆனா ஆளைக் கொல்ற கரண்டு அதுல இல்ல.

2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்ப, கம்பம் நட்ட பகுதிகளைவிட இந்த மாதிரி இடங்களுக்கு சீக்கிரம் கரண்டு வந்துச்சுன்னு மாப்ள சொன்னார். எனக்கு கஜா ஞாபகம் வந்துருச்சு. 2018 நவம்பர் 16. டெல்டாவுல லட்சத்துக்கும் மேல கம்பம் சாஞ்சது. வெளியூர் வாரிய ஆளுங்கல்லாம் வந்து, வயல் சேத்துல இடுப்பளவு நின்னு கம்பம் நட்டாங்க. அவங்களுக்குச் சோறு போட்ட ஊரு எங்க ஊரு.

அதுக்காகப் பூமிக்கடியில போட்டுட்டா கவலை விட்டுச்சுன்னு நினைக்க வேணாம். 2017 நவம்பர் 1, கொடுங்கையூர்ல மழைத் தண்ணியில கிடந்த மின்கம்பியை மிதிச்சு ரெண்டு சின்னப் பொண்ணுங்க போயிருச்சுங்க. மழை பெய்யறப்ப பில்லர் பாக்ஸ் பக்கம் தேங்கின தண்ணியில காலை வைக்காதீங்கன்னு மெட்ராஸ்காரங்க பிள்ளைகளுக்குச் சொல்லி வளக்கணும்.

இப்ப தங்கச்சி வீட்டுக்கு வர்றேன். அது அடையாறு பக்கம் ஒரு சந்து. அங்க கேபிள் வேலை வரல. எங்க ஊரு மாதிரியே சிமெண்ட் கம்பம், நாலு கம்பி. கம்பத்துல இருந்து வீட்டுக்கு ஒரு சர்வீஸ் ஒயர். அந்த ஒயருக்குத் துணையா ஒரு ஜி.ஐ. கம்பி வருது. பாரத்தைத் தாங்குறது அந்த ஜி.ஐ. கம்பிதான், கரண்டு போறது கறுப்பு ஒயர்ல. ரெண்டும் மாடிச் சுவத்துல நிக்கிற இரும்புக் குழாய்ல வந்து முடியுது. ஒயர் குழாய்க்குள்ள இறங்கி கீழ மீட்டருக்குப் போகுது. உங்க வீட்டுலயும் இப்படித்தான் இருக்கும்.

தங்கச்சி குடியிருக்கறது மாடி போர்ஷன். தெருப்பக்கம் ஒரு பால்கனி. அந்த சர்வீஸ் குழாய்ல இருந்து எதிர்ப்பக்க கிரில் வரைக்கும் ஒரு கட்டுக்கம்பியை இழுத்துக் கட்டி துணி காயப்போடுற கொடி ஆக்கியிருக்கா.

அன்னிக்கு ராத்திரி நல்ல மழை. விடிகாலையில நான் பல்லு விளக்கிக்கிட்டு பால்கனியில நிக்கிறேன். தங்கச்சி ஈரத் துண்டைக் கொடியில போட வந்தா. போடறதுக்கு முன்னாடி புறங்கையால கம்பியை லேசா ஒரு தட்டு தட்டினா.

"ஏம்மா அப்படித் தட்டுறே?"

"ஒண்ணுமில்லண்ணே. மழை நாள்ல லேசா சுர்ருங்கும். செருப்புப் போட்டுக்கிட்டா தெரியாது."

எனக்கு வாயில இருந்த பேஸ்ட்டு அப்படியே நின்னுபோச்சு.

பழைய ஆளுங்களுக்கு எங்க லட்சுமி ஞாபகம் இருக்கும். இந்தப் பக்கத்துலயே அவளைப் பத்தி எழுதியிருக்கேன். செவலைப் பசு, ரெண்டாவது ஈத்து. மழை விட்ட ஒரு சாயங்காலம் கம்பத்தோட ஸ்டே கம்பியில முதுகைச் சொறிஞ்சுக்கப் போனவ அங்கேயே விழுந்துட்டா. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி வேலையாள் ஒருத்தர், "அந்தக் கம்பியைத் தொட்டா சுர்ருங்குதுங்க"ன்னு எங்கிட்ட சொன்னாரு. சரி சொல்லிக்கலாம்னு விட்டேன். அதனால 'சுர்'ங்கற சொல்லு என் காதுல விழுந்தா அடிவயிறு கலங்கிரும்.

துண்டைப் பிடுங்கிப் போட்டுட்டு, "எல்லாரும் உள்ள போங்க"ன்னேன். மாப்ளகிட்ட டெஸ்டர் வாங்கி கொடியில வச்சுப் பாத்தேன். மினுக்குனு எரியுது. குழாய்ல வச்சா இன்னும் நல்லா எரியுது.

மாப்ள ஓடிப்போயி மெயினை இறக்கிட்டு வந்தார். மறுபடியும் வச்சேன். அப்பவும் எரியுது.

"மெயினை ஆஃப் பண்ணியாச்சே மச்சான்? நம்ம வீட்டுல ஆர்.சி.சி.பி. கூட இருக்கு. லீக் இருந்தா அது விழுந்திருக்கணுமே?"ன்னு அவருக்குக் குழப்பம்.

நண்பர்களே, இங்கதான் படிச்சவங்க படிக்காதவங்க எல்லாருமே ஏமாறுறோம். மெயின் சுவிட்சும் ட்ரிப்பரும் மீட்டருக்கு அப்புறம் இருக்கு. அதுக்குப் பின்னாடி வீட்டுக்குள்ள நடக்கிற கசிவைத்தான் அந்த 30 மில்லி ஆம்பியர் கருவி கண்டுபிடிச்சு நிறுத்தும். கம்பத்துல இருந்து மீட்டர் வரைக்கும் வர்ற ஒயர் பழுதானா அதுக்குத் தெரியவே தெரியாது. மடைக்கு மேல வாய்க்கால் உடைஞ்சா மடையை மூடி என்ன பிரயோசனம்? அந்த மாதிரிதான் இதுவும்.

94987 94987. மின்னகம்னு 2021-ல ஆரம்பிச்ச நம்பர். 24 மணி நேரமும் எடுப்பாங்க. தமிழ்நாட்டுல எந்த மூலையில இருந்தும் இதுதான். போன்ல ஏத்தி வச்சுக்குங்க. கூப்பிட்டோம். பத்தரை மணிக்கு லைன்மேனும் உதவியாளரும் வந்துட்டாங்க. முதல்ல கம்பத்துல ஏறி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாங்க. அதுக்கப்புறம்தான் குழாயைத் தொட்டாங்க.

குழாய்த் தலையில மழைத் தண்ணி இறங்காம இருக்க வளைவு ஒண்ணு இருக்கும். அது துருப்பிடிச்சு எப்பவோ விழுந்திருக்கு. மொட்டைக் குழாயோட விளிம்பு அருவா மாதிரி. காத்துல ஒயர் ஆடி ஆடி அதுல உரசி, மேல் உறை கிழிஞ்சு உள்ள அலுமினியம் பல்லைக் காட்டுது. வெயில்ல கிடந்த ஒயர் வேற, விரலால அழுத்தினா உறை அப்பளமா நொறுங்குது. காய்ஞ்ச நாள்ல நடுவுல கொஞ்சம் இடைவெளி இருக்கறதால தெரியாது. மழைத் தண்ணி வந்து அந்த இடைவெளிக்குப் பாலம் போட்டதும் குழாய்க்குக் கரண்டு வந்துருது. குழாய்ல இருந்து கொடிக்கு. கொடியில இருந்து ஈரத் துண்டுக்கு.

"குழாய்க்கு எர்த் இருந்திருந்தா ஃபியூஸாவது போயிருக்கும், நீங்களும் கூப்பிட்டிருப்பீங்க. எர்த் கம்பி அடியில அத்துப் போயி ரொம்ப நாளாச்சு போல"ன்னார் லைன்மேன். அப்புறம் தங்கச்சியைப் பாத்து, "அம்மா, மழை நாள்ல மாடியில துணி காயப்போடப் போயி விழுந்து செத்தவங்கள்ல பாதிப் பேரு கதை இதாம்மா. இந்தக் குழாய்ல எதையும் கட்டாதீங்க"ன்னார்.

தங்கச்சி பேசல. அவ மகளைத்தான் பாத்தா. ஏழு மாசம். வளைகாப்பு முடிஞ்சா தாய் வீட்டுல தங்கப் போறவ. இன்னும் ரெண்டு மூணு மாசத்துல தினம் நாலு ஈடு குழந்தைத் துணி அந்தக் கொடியிலதான் காயப்போகுது.

புது ஒயர் இழுத்து, குழாய்க்கு வளைவு மாட்டி, எர்த் அடிச்சு முடிக்கறப்ப மணி மூணு. கொடியை நானே அறுத்தேன். அதுக்குப் பதிலா கூடத்துக்குள்ள நைலான் கயிறு.

போறப்ப லைன்மேன் இன்னொண்ணும் சொன்னார். "கசிவு நின்னுருச்சு. ஆனா கம்பி இருக்க வேண்டிய தூரத்துல இல்ல. இந்த பால்கனி அப்புறமா இழுத்ததுதானே?"

சந்துக் கம்பியைத்தான் சொன்னார். அதுல உறை கிடையாது, வெறும் கம்பி. நானும் மாப்ளையும் கீழ இறங்கினோம். கம்பிக்கிட்ட டேப்பை நீட்டி அளக்கக்கூடாது, டேப்பே இரும்பு. பால்கனி விளிம்புக்கு நேர் கீழ ஒரு செங்கல், கம்பிக்கு நேர் கீழ ஒரு செங்கல் வச்சு தரையில அளந்தோம். ரெண்டடிக்கு ஒரு விரக்கடை கம்மி.

விதி என்ன சொல்லுது தெரியுமா? இது நேத்து வந்த விதி இல்ல. 1956 இந்திய மின்சார விதிகள்லயே இருக்கு. அதுக்குப் பதிலா 2010-ல மத்திய மின்சார ஆணையம் ஒழுங்குமுறை கொண்டு வந்தப்பவும் அதே அளவைத்தான் வச்சாங்க. நம்ம பாஷையில சொல்றேன்:

நம்ம வீட்டுக்கு வர்ற சாதாரண லைன், கட்டடத்துக்குப் பக்கவாட்டுல போனா 1.2 மீட்டர் தள்ளி இருக்கணும். அதாவது நாலடி. மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ மேல போனா 2.5 மீட்டர் உசரம் வேணும். எட்டடிக்கு மேல. 11 ஆயிரம் வோல்ட் லைன்னா பக்கவாட்டுல அதே 1.2 மீட்டர், ஆனா மாடிக்கு மேல 3.7 மீட்டர், பன்னெண்டு அடி. தெருவைக் குறுக்கே தாண்டுற வீட்டு லைன் தரையில இருந்து 5.8 மீட்டர், தெருவோட நீளத்துக்குப் போனா 5.5 மீட்டர். வெயில் காலத்துல கம்பி நீண்டு தொய்யுமில்ல, அந்தத் தொய்வையும் சேத்துத்தான் கணக்கு. இந்த அளவு கிடைக்காத இடத்துல உறை போட்ட ஒயரா இருக்கணும், எர்த் பண்ணின தாங்கு கம்பியில கட்டித்தான் கொண்டு வரணும்.

முக்கியமா ஒண்ணு. இருக்கிற லைனுக்கு அடியில புதுசா கட்டடம் கட்டக் கூடாது. வீட்டை இழுத்துக் கட்டணும்னா முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, லைனை மாத்தற செலவைக் கட்டி, மாத்தின பிறகுதான் கட்டணும்.

வீட்டுக்காரம்மாகிட்ட போனோம். வயசானவங்க, நல்ல மனுஷி. "இருபது வருஷமா இப்படித்தான் இருக்கு. ஒண்ணும் ஆகலையே தம்பி"ன்னாங்க. "முதல்ல பால்கனி மூணடிதான் இருந்துச்சு. வாடகைக்கு வர்றவங்க இடம் பத்தலன்னாங்க, அதான் இன்னொரு ரெண்டரை அடி இழுத்தோம்"னும் அவங்களே சொன்னாங்க.

கூட்டிக் கழிச்சுப் பாருங்க. ரெண்டடியும் ரெண்டரை அடியும் நாலரை. கம்பத்தை நட்டவன் நாலடிக்கு மேலயே விட்டுத்தான் நட்டிருக்கான். கம்பி வீட்டுக்கிட்ட வரல. வீடுதான் கம்பிக்கிட்ட போயிருக்கு.

யோசிச்சா எல்லா இடத்துலயும் இதே கதைதான். 2022 ஏப்ரல் 27 விடிகாலையில எங்க தஞ்சாவூர் பக்கம் களிமேட்டுல அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில பட்டு 11 பேர் போனாங்க. அந்த ரோடு மேல மேல போட்டு உசந்திருந்ததைத்தான் அப்ப எல்லாரும் பேசினாங்க. மெட்ராஸ் தெருக்களையும் பாருங்க. வாசப்படி தெருவுக்குக் கீழ கிடக்குற வீடு எத்தனை! பழைய ரோட்டைச் சுரண்டிட்டுத்தான் புது ரோடு போடணும்னு 2021-ல அரசு சொல்ல வேண்டி வந்தது. வீட்டுக்குள்ள தண்ணி வருதுன்னு நாம பேசுறோம். தரை ஒரு அடி ஏறினா தலைக்கு மேல இருக்கிற கம்பி ஒரு அடி இறங்குது, அதை யாரும் பேசுறதில்ல.

வீட்டுக்காரம்மாகிட்ட நான் விதியைப் பேசல. லட்சுமி கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அந்தப் பொண்ணு மாசமா இருக்கால்ல"ன்னாங்க. மறுநாளே மாப்ளையைக் கூட்டிக்கிட்டுப் போயி லைனை மாத்தச் சொல்லி மனு எழுதிக் கொடுத்துட்டாங்க. எஸ்டிமேட் வரணும், பணம் கட்டணும். அது வரைக்கும் அந்தப் பக்கத்து பால்கனிக் கதவுக்குப் பூட்டு.

பெரிய மனுஷனா ஊர் திரும்பினேன். வீட்டம்மாகிட்ட கதையெல்லாம் சொன்னேன், அளவெல்லாம் ஒப்பிச்சேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவ ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"நம்ம மாடி மேல போறது எத்தனை அடி?"

கஜாவுல ஓடு பூரா பறந்த பிறகுதான் கடன் வாங்கி 2019-ல மொட்டை மாடி போட்டோம். ஓட்டு வீட்டுக்கு மேல போன அதே லைன்தான் இன்னிக்கும் போகுது. வீடு உசந்துச்சு, கம்பி அங்கேயேதான் இருக்கு. மாடிக்கு ஏறினேன். கம்பிக்குக் கீழ நின்னேன். உளுந்து காயப்போடுற இடம். பேரன் பட்டம் விடுற இடம். அறுப்பு முடிஞ்சா நான் வைக்கோல் அடுக்கிற இடமும் அதுதான். என் தலைக்குக் கொஞ்சம் மேலதான் கம்பி. எட்டடி எங்க, இது எங்க?

தினம் ஏறி இறங்குற மாடி. வைக்கோல் வண்டியில உக்காந்து கம்பி பாத்தே வளந்தவன் நான். மாட வீதியில கூட அண்ணாந்து பாத்தேன். என் மாடியில ஒரு நாள் பாக்கல. ஊருக்குத்தான் உபதேசம்னு வீட்டம்மா வாய்விட்டுச் சொல்லல, அவ பார்வையே சொல்லிருச்சு.

மறுநாள் காலையில முதல் வேலையா எங்க செக்ஷன் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டேன். ஒரு கம்பம் இடையில போட்டு லைனைக் கொல்லைப் பக்கம் திருப்பணும்னு பாத்துட்டுப் போயிருக்காங்க. செலவு வரும்தான். நடவு முடிஞ்ச நேரம், கை வறண்டு கிடக்கு. ஆனா லட்சுமி விஷயத்துல ஒரு வாரம் தள்ளிப் போட்டதுக்கு என்ன விலை கொடுத்தேன்னு எனக்குத் தெரியும். அது முடியற வரைக்கும் மாடிப் படிக்குப் படல் வச்சு அடைச்சாச்சு. உளுந்து வாசல்லதான் காயுது. பேரன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கான்.

நீங்களும் இன்னிக்கு ஒரு தடவை போயி பாருங்க. தொடாதீங்க, கண்ணால பாருங்க. சர்வீஸ் குழாய்ல கொடி கட்டியிருக்கா? குழாய்த் தலையில வளைவு இருக்கா? ஒயர் எங்கயாவது உரசுதா, மரக்கிளை சாஞ்சிருக்கா? எர்த் கம்பி தரை வரைக்கும் முழுசா இறங்குதா? கம்பி வந்த பிறகு நாம எதை இழுத்துக் கட்டினோம், எதை உசத்தினோம்? யாராவது 'சுர்ருங்குது'ன்னு சொன்னா, செருப்புப் போட்டுக்கன்னு சொல்லாதீங்க. போனை எடுங்க.

தங்கச்சி நேத்துப் பேசினா. மெட்ராஸ்ல திரும்ப மழையாம். நைலான் கயித்துல துணி காயவே மாட்டேங்குது, வீடெல்லாம் ஈர வாடைன்னு ஒரே புலம்பல். காயாட்டிப் போகுது, நாறட்டும்னேன்.

இங்கயும் மூணு நாளா மூட்டம். நாத்து பச்சை பிடிச்சிருச்சு. வடிகால் வெட்ட ஆள் வந்துருச்சு, கிளம்புறேன். அடுத்த வாரம் பாக்கலாம்.